தென்னம்பிள்ளையைக் கைவிட்டவர்கள்

2025 ஜூலையில், தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நாட்களில், குலசேகரத்திலிருந்து அம்மா போன் செய்தாள். வெட்டு முடிந்து வியாபாரி காய்களை எண்ணிக்கொண்டு போயிருந்தார். 36 மரம், 170 காய்.

"அந்த பதினாறு மரத்தையும் வெட்டிப் போட்டியே மக்களே, அதுவளும் நின்னிருந்தா இன்னும் அறுவது காயி கெடச்சிருக்கும். இப்பம் உள்ள வெலைக்கி அது எவ்வளவு பைசா, கேட்டியா?"

பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது: "அவன் கம்ப்யூட்டரு படிச்சவன்லா, அவனுக்கு கணக்கு வேற."

ஆமாம், கணக்கு வேறதான். அந்தக் கணக்கைத்தான் எழுதப்போகிறேன். இது என் குடும்பத்தாருக்கு மட்டுமான பதில் இல்லை. ஊரில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ தென்னை நிற்க, தான் மட்டும் பெங்களூரிலோ சென்னையிலோ துபாயிலோ உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற எல்லோருக்கும் எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும். அதில் பாதிக்கு மேல் என்மேல் உள்ள கோபம்.

நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. பெற்ற பிள்ளை கைவிட்டாலும் தென்னம்பிள்ளை கைவிடாது. எல்லா வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் தென்னைக்கு வந்த நோய்களில் முதலாவது இந்தப் பழமொழிதான் என்று நினைக்கிறேன். தென்னை கொடுக்கும், கொடுத்துக்கொண்டே இருக்கும், அதற்கு நாம் எதுவும் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்ற ஒரு சோம்பேறி நம்பிக்கையை அது தலைமுறை தலைமுறையாக நமக்குள் ஊற்றி வைத்திருக்கிறது. நெல்லுக்கு உழவேண்டும், வாழைக்கு மண் அணைக்கவேண்டும், ரப்பருக்கு விடிவதற்கு முன்னால் பால்வெட்டப் போகவேண்டும். தென்னைக்கு? நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை ஆளைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டால் போதும். ஐ.டி.க்காரர்களின் பாஷையில் சொன்னால் 'பாஸிவ் இன்கம்'.

அப்பா 2019இல் போனபிறகு எங்கள் விளை என் கைக்கு வந்தது. கைக்கு என்றால் போனுக்கு. 50 சென்ட் நிலம், 52 மரம். நான் அங்கே செய்த விவசாயம் முழுவதும் போன்வழிதான். வெட்டுக்குப் பணம் அனுப்புவேன், காய்க்குப் பணம் வரும். புல் மண்டிவிட்டது என்று அம்மா சொன்னபோது 2021 அக்டோபரில் ஆள்பிடித்து களைக்கொல்லி அடிக்கச் சொன்னதும் நான்தான். ஒரு வாரத்தில் விளை முழுக்க மொட்டையாகி செம்மண் பளபளவென்று தெரிந்தது. அம்மா போட்டோ அனுப்பினாள். சுத்தமாக இருக்கிறது என்று எனக்கு அவ்வளவு திருப்தி.

அடுத்த மாதம் மழை. 2021 நவம்பரில் குமரி மாவட்டம் வெள்ளக்காடாகக் கிடந்தது ஞாபகமிருக்கலாம். எங்கள் விளை சரிவான நிலம். பிடித்து நிறுத்த ஒரு புல்வேர் கூட இல்லாத மேல்மண் சிவப்புக் குழம்பாக இறங்கி ஓடையில் சேர்ந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மரத்து மூடுகளில் வேர்கள் விரல்விரலாக வெளியே தெரிந்தன. தாத்தாவின் காலத்திலிருந்து சேர்ந்த மண் அது. நான் ஒரு பணப் பரிமாற்றத்தில் அதைக் கரைத்துவிட்டேன்.

இனி சித்தப்பா சொன்ன வேறு கணக்கு.

தென்னையில் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலை விரியும். ஒவ்வொரு ஓலையின் இடுக்கிலும் ஒரு பாளை. அந்தப் பாளை வெளியே வெடிப்பதற்கு ஏறக்குறைய 32 மாதம் முன்பே மரத்தின் கொண்டைக்குள் கருவாகிவிடுகிறது. வெடித்த பிறகு காய் முற்ற இன்னும் 12 மாதம். ஆகமொத்தம் 44 மாதம். நாம் இன்று உடைக்கும் தேங்காய் மூன்றரை வருடத்துக்கும் முன்னால் தொடங்கிய ஒன்று. நடுவில் எங்கே கோடை கடித்தாலும், எங்கே சத்துக் குறைந்தாலும் அந்த அடி உள்ளேயே பதிவாகிவிடும். பாளையில் பெண்பூ குறையும், குரும்பை கொட்டும், காய் சிறுக்கும். ஒரு கடுமையான வறட்சியின் விளைவு அடுத்த மூன்று வருடம் வரை காய்ப்பில் தெரியும்.

கணினியில் நாங்கள் ஒரு வரியை மாற்றினால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும், சரியா தப்பா என்று. பதில் தாமதமாக வரும் இடங்களில்தான் மனிதர்கள் மிக மோசமான தவறுகளைச் செய்வார்கள், காரணம் தவறு செய்த நாளில் தண்டனை இல்லை. தென்னை அப்படிப்பட்ட இடம். உரம் நிறுத்திய வருடம் காய் குறையாது. 'பாத்தியா, ஒண்ணும் ஆவல்ல' என்போம். அடுத்த வருடமும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மூன்றாம் நான்காம் வருடம் காய் விழுந்துவிடும்போது நமக்குக் காரணம் மறந்திருக்கும். அப்போது வெள்ளை ஈயைச் சொல்வோம், காலநிலையைச் சொல்வோம், எதிர்வீட்டுக்காரன் கண்ணைக்கூடச் சொல்வோம்.

2025 ஜூலையிலிருந்து 44 மாதம் பின்னால் எண்ணினால் எந்த மாதம் வருகிறது? 2021 நவம்பர். அந்த 170 காயும் அந்த மழையில்தான் கருவானவை. நடுவில் வந்த கோடைகளும் பூச்சியும் சேர்ந்துதான் இந்த எண் வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் விலை உச்சத்தில் இருந்த மாதத்தில் என் மரங்கள் எனக்குத் தந்தது நான் அவற்றுக்கு அன்று செய்ததற்கான ரசீதை. அம்மா கேட்கவேண்டிய கேள்வி 'பதினாறு மரத்தை ஏன் வெட்டினாய்' என்பதல்ல. 'அந்த மருந்தை ஏன் அடித்தாய்' என்பது.

பதினாறு மரக் கதையையும் சொல்லிவிடுகிறேன். தென்னைக்குத் தென்னை 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகமும் காசர்கோட்டில் இருக்கும் மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமும் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது. 50 சென்டுக்கு அந்தக் கணக்கில் 36 மரம்தான் நிற்கலாம். எங்களிடம் நின்றது 52. ஒரு மூடு கூடுதலாக வைத்தால் ஒரு குலை கூடுதலாகக் கிடைக்கும் என்பது அப்பாவின் கணக்கு, ஊரில் எல்லோருடைய கணக்கும் அதுவே. நெருக்கி வைத்த தென்னை வெளிச்சத்துக்காக மேலே மேலே ஓடும். தண்டு மெலியும், கொண்டை சிறுக்கும். மரத்துக்கு வருடம் 30 காய்கூட வரவில்லை. 2022இல் மெலிந்தும் நோய்பட்டும் நின்ற பதினாறை வெட்டினோம். 'பிள்ளைய வெட்டுத மாதிரி' என்று சொல்லி அம்மா அன்று சாப்பிடவில்லை. அவளுடைய துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பதினாறு பிள்ளைகளைப் பட்டினிபோட்டு அவர்களைக் கொண்டே மற்ற பிள்ளைகளையும் பட்டினிபோடுவதற்குப் பெயர் பாசம் இல்லை.

சரி, மண்ணுக்கு என்ன செய்தோம்? இதில்தான் நான் இரண்டு கட்சிக்காரர்களோடும் சண்டை போடவேண்டியிருக்கிறது.

முதல் கட்சி, மூட்டை உரக் கட்சி. மழைக்கு முன்னால் மூட்டில் ரெண்டு கை யூரியாவைப் போட்டால் கடமை முடிந்தது. குலசேகரத்து மண் செம்பூரான் மண். இரண்டு பருவமழையும் கழுவும் மண். அமிலத்தன்மை கூடியது, பொட்டாஷ், சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் எல்லாம் நீரோடு இறங்கிப்போய்விடும். எங்கள் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது பி.எச். 5.1 என்று வந்தது. அந்த மண்ணில் யூரியாவை மட்டும் கொட்டினால் அமிலம் இன்னும் கூடும். தென்னை மண்ணிலிருந்து மிக அதிகமாக எடுப்பது தழைச்சத்தை அல்ல, சாம்பல் சத்தை. காய்க்கும் மரம் ஒன்றுக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், அதையும் இரண்டு தவணையாகப் பிரித்து, மூட்டிலிருந்து 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்துப் போடவேண்டும் என்பது தமிழ்நாட்டில் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. பொட்டாஷ் யூரியாவைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். நம்மில் எத்தனை பேர் பொட்டாஷ் வாங்கியிருக்கிறோம்?

இரண்டாம் கட்சி, 'இயற்கை' கட்சி. இது நம்முடைய கட்சி, படித்தவர்கள் கட்சி. காணொளி பார்த்துவிட்டு வந்து, எதுவும் போடாதே, இயற்கை தானே பார்த்துக்கொள்ளும் என்போம். மரத்திலிருந்து வருடம் முழுக்க காயை வெட்டி லாரியில் ஏற்றுகிறோம். கதம்பையையும் சேர்த்தே விற்கிறோம். கதம்பையில் இருப்பது நம் மண்ணின் பொட்டாஷ். வெளியே போன சத்து திரும்பி வராமல் இருக்கும்போது இயற்கை எதை வைத்துப் பார்த்துக்கொள்ளும்? காட்டில் யாரும் லாரி கொண்டுவந்து காய் ஏற்றுவதில்லை. தோட்டம் காடு அல்ல.

இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து செய்யும் ஒரு காரியமும் உண்டு. ஓலையைக் கொளுத்துவது. நன்றாக நிற்கும் ஓர் எக்டேர் தோப்பிலிருந்து வருடத்துக்கு 6 முதல் 8 டன் ஓலையும் மட்டையும் விழும். அதை மண்புழு உரமாக்கலாம், வேலை வைக்க மனமில்லை என்றால் வெட்டி மூட்டைச் சுற்றிப் பரப்பினாலே போதும். பாட்டா காலத்தில் ஓலை கூரைக்கும் வேலிக்கும் அடுப்புக்கும் போயிற்று, சாம்பல் திரும்ப மூட்டுக்கே வந்தது. இன்று கூரை கான்கிரீட், அடுப்பு கேஸ். ஓலை மட்டும் மூலையில் குவித்து எரிக்கப்படுகிறது. ஒரு கையால் எரித்துவிட்டு மறுகையால் தொழுவுரம் விலைக்கு வாங்குகிறோம்.

நாங்கள் 2022 ஜூனில் தொடங்கியது இவ்வளவுதான். மண்ணுக்கு டோலமைட். தவணைக்கு உரம், பொட்டாஷ் உட்பட. தொழுவுரம். பாத்தியில் சணப்பையும் தட்டைப்பயறும் விதைத்து பூக்கும் நேரத்தில் மடக்கி விட்டோம். வேலியில் கிளைரிசிடியா. கதம்பை விற்பதை நிறுத்தினோம், மூட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வாய்க்கால் எடுத்து மரத்துக்கு நூறு கதம்பை வீதம் புதைத்தோம். ஊரார் சிரித்தார்கள், காசு கொடுத்து ஆளை விட்டு குப்பையைப் புதைக்கிறான் என்று.

தண்ணீர் விஷயத்திலும் எனக்கு என் தொழில்காரர்கள் மேல்தான் வருத்தம். தென்னை என்றதும் ஒரு நண்பன் மண்ஈரம் பார்க்கும் சென்சாரும் செயலியும் கொண்ட சொட்டுநீர் அமைப்புக்கு விலைப்பட்டியல் அனுப்பினான். பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. அங்கிருந்து நாலு எட்டில் இருக்கிறது எங்கள் ஊர். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஆகாயத்தில் தண்ணீர் ஓடும் ஊரிலிருந்து வருகிறவன் நான். இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் பிப்ரவரி முதல் மே வரை குரும்பை கொட்டுகிறதென்றால், அது தண்ணீர் வராத பிரச்சினை அல்ல, வந்த தண்ணீர் நிற்காத பிரச்சினை. பழைய ஆட்கள் சரிவுக்குக் குறுக்கே கய்யாலை கட்டினார்கள். எங்கள் கய்யாலை இடிந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. முதலில் அதைக் கட்டினோம். பிறகு மூடாக்கு. அதற்கும் பிறகுதான் சொட்டுநீர்.

சொட்டுநீர் தப்பு இல்லை. கோடையில் மரத்துக்கு ஒரு நாளைக்கு 65 முதல் 80 லிட்டர் போதும், பாத்தியில் குழாயைப் பிடிப்பதோடு ஒப்பிட்டால் பெரிய சிக்கனம். ஆனால் நிறையத் தோட்டங்களில் குழாயின் முனை தண்டை ஒட்டியே சொட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். தண்ணீர் குடிக்கும் வேர் தண்டுக்கு அடியில் இல்லை. அது இரண்டு மீட்டர் வட்டத்துக்குள் பரவிக் கிடக்கிறது. தண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நாலு பக்கமும் சொட்டவேண்டும். சென்சார் வாங்குவதற்கு முன்னால் மம்பட்டியால் ஒருமுறை தோண்டிப் பார்த்தால் இது தெரியும்.

குலசேகரத்தில் நின்றுகொண்டு தென்னையைப் பற்றிப் பேசினால் 'எடேய், இது ரப்பர் ஊரு' என்பார்கள். உண்மை. ரப்பர் வைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. ஷீட்டைக் கொண்டுபோனால் வாராவாரம் கையில் காசு. பல வீட்டுப் பிள்ளைகளை, என் நண்பர்களை, இன்ஜினியரிங் படிக்கவைத்தது ரப்பர். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது எஞ்சிய தென்னையையும் வெட்டிவிட்டு ரப்பர் வைத்தவர்களை எனக்குத் தெரியும். 2016இல் அது 100க்குக் கீழே போனது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி வந்தது. ஒரே நாளில் தோட்டம் தோட்டமாக ரப்பர் முறிந்து கிடந்த காட்சியை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். தென்னையும் விழுந்தது, வாழையும் விழுந்தது. என் வாதம் ரப்பர் கெட்டது, தென்னை நல்லது என்பதல்ல. ஒரே பயிரில் முழு வாழ்க்கையையும் கட்டிவைப்பது கெட்டது. விலை ஏறிவிட்டதென்று 2025இல் ரப்பரை வெட்டிவிட்டு தென்னை நெருக்கி வைக்கப்போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

பாட்டாவின் விளையில் தென்னைக்கு நடுவே கமுகு, கமுகில் நல்லமிளகு, பிலாவு, அயினி, மட்டி வாழை, சேனை, காச்சில், சேம்பு, ஓரமாக மரச்சீனி எல்லாம் இருந்தன. அதற்கு அன்று பெயர் 'ஊடுபயிர்' இல்லை. அதற்குப் பெயர் விளை. 7.5 மீட்டர் இடைவெளியில் நிற்கும் தென்னையின் வேர் நிலத்தில் நாலில் ஒரு பங்கைத்தான் ஆள்கிறது, மீதி முக்கால் பங்கு சும்மா கிடக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னதை அவர் அளக்காமல் செய்துகொண்டிருந்தார். அப்பா காலத்தில், 'சுத்தமான' தோப்பு என்ற ஆசையில், ஒவ்வொன்றாக வெட்டிப்போட்டோம்.

இப்போது திரும்ப வைக்கிறோம். நாலு தென்னை சேரும் நடு மையத்தில் ஜாதிக்காய். வயதான மரங்களில் நல்லமிளகு, ஏறுகிறவருக்கு ஒரு பக்கம் விட்டு. புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மட்டி வாழை. ஆனால் இதிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. ஊடுபயிர் என்றால் இலவச வருமானம் என்று நினைக்கிறவர்கள் அதற்குத் தனியாக உரமும் தண்ணீரும் கொடுப்பதில்லை. அப்படி வைத்த வாழை தென்னையின் பங்கைத்தான் தின்னும். சரிவில் வருடாவருடம் மரச்சீனி போட்டுக் கிளறினால் மண்ணும் போகும், பொட்டாஷும் போகும். வீட்டில் ஆள் கூடினால் உலையில் அரிசியும் கூடவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

'எல்லாம் சரி, வெள்ளை ஈக்கு என்ன சொல்லுக? வேர்வாடலுக்கு என்ன சொல்லுக?' என்று சித்தப்பா கேட்பார். நோய் நிஜம்தான். வேர்வாடல் 1882 வெள்ளத்துக்குப் பிறகு மீனச்சில் தாலுகாவில் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டாக நம்மோடு இருக்கிறது. மருந்து கிடையாது. ஆனால் அது மரத்தை உடனே கொல்வதும் கிடையாது, மெல்லத் தளர்த்தும். முற்றியதை அகற்றிவிட்டு மற்றதை நன்றாகப் பராமரித்தால் நோயோடேயே காய்க்கும். சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் இந்தியாவுக்குள் வந்தது. அதைத் தின்னும் என்கார்சியா என்ற குட்டி ஒட்டுண்ணிக் குளவி கூடவே இருக்கிறது. பயந்துபோய் பூச்சிமருந்து அடித்தவர்கள் ஈயைவிட முதலில் குளவியைத்தான் கொன்றார்கள். பட்டினி கிடக்கும் உடம்பில் எந்த நோயும் கொஞ்சம் அதிகமாகவே ஆடும். நோயைக் காட்டி நம் பட்டினிபோடலை மறைக்காதீர்கள்.

கடைசியாக, 'ஆள் கிடைக்கவில்லை' என்ற புலம்பல். தென்னை ஏறுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அதை நூறு வருடம் மட்டமான வேலை என்று சொல்லி, குறைந்த கூலி கொடுத்து, ஏறுகிறவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திய ஊர்கள் நம்முடையவை. அவர்களுடைய பிள்ளைகள் மரத்திலிருந்து இறங்கிப் போனதற்கு நாம் சந்தோஷப்பட வேண்டும். இன்றும் ஏறுகிறவருக்கு, பாத்தி எடுக்கிறவருக்கு, அந்தத் திறமைக்குரிய கூலி கொடுப்போம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் இருந்து கருவி வைத்து ஏறப் பயிற்சி கொடுக்கிறது, காப்பீடும் இருக்கிறது. எங்கள் விளைக்கு வருகிறவர் கேட்ட கூலியைக் கேட்டு முதலில் நான் முகம் சுளித்தேன். என் சம்பளத்தில் ஒரு மணிநேரத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தபிறகு சுளிக்கவில்லை.

நான் வேலையை விட்டுவிட்டு விவசாயி ஆகிவிட்டேன் என்று இந்தக் கட்டுரையை முடிக்கப் போவதில்லை. அப்படி முடியும் கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. இன்னும் பெங்களூரில்தான் இருக்கிறேன். ஆறு வாரத்துக்கு ஒருமுறை, வெட்டு நாளில், ஊரில் இருப்பேன். செலவு வரவைவிட அதிகமாகத்தான் இதுவரை இருக்கிறது. எல்லோராலும் இது முடியும் என்றும் சொல்லமாட்டேன். முடியாதவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ளக்கூடிய பக்கத்து வீட்டாரிடம் நியாயமான பங்குக்கு ஒப்படைத்துவிடலாம். அதுவும் பராமரிப்புதான். போன்வழி விவசாயம் மட்டும் வேண்டாம்.

இப்போது மார்கழி. 2022 ஜூனிலிருந்து 44 மாதம் எண்ணினால் வரும் பிப்ரவரி. நாங்கள் மண்ணைப் பார்க்கத் தொடங்கியபிறகு கருவான முதல் குலை அப்போதுதான் முற்றும். போனமாதம் போயிருந்தபோது கிணற்றடி மரத்தின் கீழே நின்று அண்ணாந்து எண்ணிப் பார்த்தேன். அந்தக் குலையில் பதினொன்று தெரிந்தது. அம்மா வந்து பக்கத்தில் நின்று அவளும் எண்ணினாள்.

"பன்னெண்டு" என்றாள். "ஓலைக்கி பொறத்தால ஒண்ணு கெடக்கு, நீ பாக்கல்ல."